ஆயுத பூஜைக்குக் குளித்த விமானம்

நெய்வேலிக்கு மறுபடியும் விமானம் வரப் போகிறதாம். இந்தச் செய்தியைப் படித்துப் படித்தே எனக்குத் தலை நரைத்து, பிறகு அந்த நரையும் கொட்டிவிட்டது. இந்த முறை நிஜமாகவே வரும் போலிருக்கிறது. தீயணைப்புப் பயிற்சி முடித்த பையன்கள் சிலர் என் மகனுடைய குவார்ட்டர்ஸைத் தேடிக்கொண்டு வந்து, ரன்வேயில் வேலை பார்த்த அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். ஒருவன் வீடியோ எடுக்கப் போனை நீட்டினான். வீடியோவில் பேசவிட்டால் மாமனார் வாயில் என்ன வருமென்று என் மருமகளுக்குத் தெரியும். "எழுதிக் குடுங்க மாமா" என்று அவள்தான் தடுத்தாள். எழுதும்போதும் அந்த வார்த்தைகள் வரத்தான் செய்கின்றன. அடித்து அடித்து எழுதியிருக்கிறேன்.

என் பூர்வோத்தரம் சுருக்கமானது. பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். பள்ளிக்கூடம் முடித்ததும் தீயணைப்புப் பயிற்சியில் சேர்ந்து, ஏணி ஏறவும் ஹோஸ் பிடிக்கவும் புகைக்குள் தவழவும் கற்றுக்கொண்டேன். அதன்பின் நாலைந்து தொழிற்சாலைகளில் கான்ட்ராக்டில் காலம் போனது. பர்மனென்ட் ஆகவே இல்லை. இந்த ஊரில் பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கேட்பது பர்மனென்டா என்பதைத்தான். அப்படியும் எனக்குப் பெண் கொடுத்த மாமனாரை நினைத்து இன்றைக்கும் கும்பிடுகிறேன். பிறகு ஒரு தனியார் விமானப் பயிற்சிக் கம்பெனி இங்கிருந்த ஓடுதளத்தை வாடகைக்கு எடுத்தபோது, அங்கே தீயணைப்பு ஆளாகச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பெயரைச் சொல்லி அதற்கு உயிர் கொடுக்க எனக்கு விருப்பமும் இல்லை.

ரன்வேயில் தீயணைப்பு என்றால் பையன்கள் சினிமாவை நினைத்துக்கொள்கிறார்கள். என் வேலையில் பெரும்பகுதி மாடு விரட்டுவது. விமானம் இறங்குவதற்கு முன்னால், நுரை பீய்ச்சும் வண்டியில் டிரைவரும் நானும் ஓடுதளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாடு, ஆடு, புல் அறுக்க வந்தவர்கள் எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். மாடுகூட ஹாரன் அடித்தால் நகரும். காலையில் வாக்கிங் வரும் பெரிய மனிதர்கள் நகர மாட்டார்கள். "நாங்க ஓரமாத்தானே போறோம்" என்பார்கள். அவர்களிடம் விமானம் ஓரம் பார்த்து இறங்காது என்று விளக்க வேண்டும். பிறகு வண்டியை அதன் இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நுரை வால்வு பக்கத்தில் கை வைத்து நிற்க வேண்டும். விமானம் இறங்கி, இன்ஜின் நின்று, ஆள் வெளியே வருகிற வரைக்கும் அப்படியே நிற்க வேண்டும். தினமும் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்காகத் தினமும் நிற்பதுதான் இந்த வேலை.

எங்கள் மேனேஜர் தாமோதரன். அதற்கு முன்பு ஒரு பெரிய ஹோட்டலில் நிர்வாகம் பார்த்தவர். விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள், அவரை வேலைக்கு எடுத்தவர்களைக் கேளுங்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். காலையில் வந்ததும் அதை எடுத்து மேஜை, கதவுப் பிடி, விமானத்தின் இறக்கை என்று கண்ட இடத்திலும் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அழுக்குத் தெரிந்தால் அதைச் சம்பந்தப்பட்ட ஆளின் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டுவார். குரலை உயர்த்தவே மாட்டார். எல்லாரும் அவருக்கு ராஜாதான். "இது என்ன ராஜா?" என்பார். பழுது என்று யாராவது வந்து சொன்னால் முகம் சுளித்து, "பாசிட்டிவா பேசுவோமே ராஜா" என்பார். கிரீஸ் பூசியிருந்தால் அவருக்கு அது அழுக்கு. இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் கிரீஸ் வழிகிற யந்திரத்தைப் பார்த்தால் பராமரிப்பு நடக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். எங்கள் மேனேஜர் துடைக்கத் துணி கேட்பார்.

பயிற்சி கொடுத்த பைலட் கேப்டன் நளினி, பொள்ளாச்சிக்காரர். விமானத்தில் ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். மாணவர்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். என்னை மட்டும் அண்ணா என்று கூப்பிடுவார். விமானத்தைப் பழுது பார்க்கும் இன்ஜினியர் சென்னையில் இருந்தார். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் கம்பெனி அவரை இன்னும் இரண்டு மூன்று ஊர்களுக்கும் சேர்த்து ஓடவிட்டிருந்தது. கூப்பிட்டால் வருவார். கூப்பிட வேண்டியவர் தாமோதரன்.

இந்த ஊரில் ஆயுத பூஜை எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தீபாவளியைக்கூடச் சிலர் விட்டுவிடுவார்கள், ஆயுத பூஜையை விட மாட்டார்கள். யந்திரங்களைக் கழுவி, பெயின்ட் அடித்து, வாழை மரம் கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப் போய் அப்பா ஓட்டும் வண்டி இதுதான் என்று காட்டுவார்கள். அந்த ஆண்டு தாமோதரனுக்கு ஓர் ஆசை வந்தது. அந்தக் கூட்டம் அப்படியே திரும்பி நம் விமானத்தையும் பார்க்க வர வேண்டும், பார்த்து மூக்கில் விரல் வைக்க வேண்டும். என்னிடம் வந்து, விமானத்தைக் கழுவ நம் வண்டியின் பம்பைக் கொடு என்றார். அது உயிர் காப்பதற்கு இருக்கிற பம்பு, கொடுக்க முடியாது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மண் லாரிகளைக் கழுவுகிற ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து பிரஷர் பம்பைத் தருவித்துவிட்டார்.

லாரிச் சக்கரத்தில் காய்ந்து இறுகிய களிமண்ணையே பெயர்த்தெடுக்கும் பம்பு அது. அதைப் பிடித்தவன் ஏழுமலை, எங்களிடம் கான்ட்ராக்டில் இருந்த துப்புரவு ஆள். மேனேஜர் பக்கத்தில் நின்று, இங்கே அடி, அங்கே அடி என்று கையை நீட்டிக் காட்டினார். சக்கரத்தின் நடுவில் கிரீஸ் கறுப்பாகத் தெரிந்த இடத்தில்தான் அவருக்கு அதிக அக்கறை. அது முழுக்கப் போகிற வரைக்கும் அடிக்க வைத்தார். பிறகு டீசலில் நனைத்த துணியால் துடைக்கச் சொன்னார். பிறகு பெயின்ட். உடம்புக்கு வெள்ளை, சக்கரத்துக்குச் சிவப்பும் மஞ்சளும், டயருக்குக் கறுப்பு. கேப்டன் ஊருக்குப் போயிருந்தார். சென்னை இன்ஜினியரிடம் மேனேஜர் போனில் பெருமையாகச் சொன்னார். நாங்களும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்த மனிதர் பதறிப் போனார். பிரஷர் தண்ணீர் பட்டிருந்தால் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்துப் புது கிரீஸ் அடைக்காமல் விமானத்தை நகர்த்தவே கூடாது, லீவு முடிந்ததும் தானே வருகிறேன் என்றார். "கண்டிப்பா சார்" என்று சொல்லி மேனேஜர் போனை வைத்தார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. கல்வியைத் தொடங்க நல்ல நாள். சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத வைப்பார்கள், எங்கள் மேனேஜர் விமானம் ஓட்ட வைத்தார். கரூரிலிருந்து ஒரு புது மாணவன் அப்பா அம்மாவோடு தாம்பாளத்தில் பழம், வெற்றிலை எல்லாம் வைத்துக்கொண்டு வந்திருந்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். விடிந்ததிலிருந்து நானும் டிரைவரும் ஓடுதளத்தின் மறுமுனையில், பண்டிகைக்குப் பொழுதுபோக்க வந்த கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து திரும்பி, கழுவிப் பெயின்ட் அடித்திருந்ததைப் பார்த்த கேப்டன், சக்கரத்தைத் திறந்து கிரீஸ் வைத்தாயிற்றா என்று கேட்டதும், எல்லாம் முடிந்துவிட்டது என்று மேனேஜர் சொன்னதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். விமானம் பறந்தது, அழகாக இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். இன்ஜினியர் வேறு யாரையாவது அனுப்பிச் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்து நானும் ஒன்றும் கேட்கவில்லை. லீவு முடிந்த பிறகும் இன்ஜினியர் ஏன் வரவில்லை என்றால், மழை பெய்கிறது, விமானம் சும்மாதான் நிற்கிறது, மெதுவாக வாருங்கள் என்று மேனேஜர் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மழை பெய்தது உண்மைதான். தீபாவளி கழிந்ததும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. மழை விட்ட நாள்களில் விமானம் பறந்தது. இடது சக்கரத்தில் ஏதோ கரகரவென்று சத்தம் வருவதாகக் கேப்டன் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். புதுச் செருப்பு கொஞ்ச நாள் கடிக்கும், புதுப் பெயின்டும் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. விசாரணையில் அவரே ஒத்துக்கொண்டார், அதுவும் சிரித்துக்கொண்டு. இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் மனிதர்கள் ஆகாயத்துக்குப் போகிறார்கள்.

விபத்து நடந்தது ஒரு காலை நேரத்தில். முந்தின நாள் மழையில் ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் சேறாகக் கிடந்தது. நான் மாடுகளை விரட்டிவிட்டு வந்து என் இடத்தில் நின்றேன். கேப்டனும் அந்தக் கரூர்ப் பையனும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் வரும், உடனே நின்றுவிடும். அன்றைக்கு அது நிற்கவே இல்லை. இடது சக்கரத்திலிருந்து என்னென்னவோ தெறித்தது, அப்புறம் புகை. விமானம் இடது பக்கமாக இழுத்தது. வாலில் இருக்கும் பலகை முழுக்க வலது பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்தேன். அந்த அம்மாள் தன்னால் முடிந்த மட்டும் அதை நேராக்கப் போராடியிருக்கிறார். முடியவில்லை. சேற்றில் இறங்கியதும் முன்கால் முறிந்து, மூக்கு மண்ணில் குத்தி, வால் தூக்கிக்கொண்டு நின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இறக்கையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் அடியில் நுரையை விரித்துப் போட வேண்டும், பிறகுதான் கதவு. அவசரத்தில் கதவுக்கு ஓடுகிறவன் தானும் வெந்து உள்ளே இருப்பவரையும் வேக வைப்பான். டிரைவர் நுரை அடிக்க, நான் கதவை நெம்பினேன். கேப்டனுக்கு நெற்றியில் ரத்தம், தோள்பட்டை எலும்பு முறிந்து கை தொங்கியது. அந்த நிலையிலும், "சுவிட்ச் எல்லாம் ஆஃப் பண்ணிட்டனுங்க அண்ணா. பையனை மொதல்ல எடுங்க" என்றார். பையனுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். இரண்டு பேரையும் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் ஓடுதளத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

ஓடுதளத்தில் கிடந்ததைக் கண் இருக்கிற யாரும் புரிந்துகொண்டிருக்கலாம். முதலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் துணுக்குகள். அடுத்து, பேரிங்கிலிருந்து உதிர்ந்த இரும்பு உருளைகள், ஒவ்வொன்றும் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. அதற்கும் அப்பால்தான் டயர் உரசிய கறுப்புத் தடம் தொடங்கியது. சக்கரம் முதலில் உடைந்திருக்கிறது, பிறகுதான் இறுகி நின்றிருக்கிறது. கேப்டன் பிரேக்கை அழுத்தியதால் வந்த வினை அல்ல. அவர் பிழைப்புக்கு அன்றைக்கு இருந்த சாட்சி தரையில் கிடந்த அந்தத் துணுக்குகள்தான்.

மேனேஜர் வந்தார். கூடவே விளக்குமாற்றோடு இரண்டு பேர்.

"ரன்வேயைப் பெருக்கிடலாம் ராஜா. பேப்பர்காரங்க வந்தா அசிங்கமா இருக்கும்."

"அதிகாரிங்க வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது சார்."

"ஆளுங்களை எடுத்தாச்சுல்ல? இனி கிடக்கறது குப்பைதானே?"

விபத்து நடந்தால் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறெதற்கும் எந்தப் பொருளையும் நகர்த்தக் கூடாது என்பது விதி. எங்கள் வண்டிக் கதவிலேயே அது ஒட்டியிருந்தது. அவர் அந்தக் கதவைக் கைக்குட்டையால் துடைத்திருப்பாரே தவிர, படித்திருக்க மாட்டார். நான் டிரைவரிடம் வண்டியைக் கொண்டுவந்து ஓடுதளத்தின் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். தூறல் விழ ஆரம்பித்தது. தீப் போர்வைகளை விரித்துத் துணுக்குகளை மூடி, ஓரங்களில் கல் வைத்தேன். மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, சுரங்கத்தில் என் மகனுக்கு அப்ரென்டிஸ் இடம் கிடைப்பது விஷயமாகத் தான் ஒருவரிடம் சொல்லி வைத்திருப்பதை ஞாபகப்படுத்தினார். என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயமும் வருகிறது என்றார். எல்லாம் அதே மென்மையான குரலில்தான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த விளக்குமாறுகளைப் பார்க்கப் பார்க்கப் பயத்தை விட அருவருப்பு அதிகமாகிவிட்டது. விமானத் துறை அதிகாரிகள் வந்து சேர்கிற வரைக்கும் வண்டியின் முன் பம்பரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் மேனேஜர் ஒரே பாட்டைத்தான் பாடினார். லேடி பைலட், பதற்றத்தில் பிரேக்கை அழுத்திவிட்டார். இத்தனை நாள் அந்த லேடி பைலட்டை வைத்துத்தான் விளம்பரத்துக்குப் படம் எடுத்தார். அவர்கள் கேட்டதற்கு நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன், ஏழுமலை பம்பு பிடித்துக் கழுவியது உட்பட. அதிகாரிகள் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். தண்ணீர் புகுந்து, கிரீஸ் போய், துருவேறி பேரிங் உடைந்திருக்கிறது, பைலட்டின் மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நான் வீட்டுக்கு அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிப் போனேன். தாமோதரனைப் பற்றி எனக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பிரஷர் தண்ணீரால் கெட்டது என்றால், பிரஷர் தண்ணீர் அடித்தது யார்? ஏழுமலை. மேனேஜர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். துப்புரவு ஆள் யாரையும் கேட்காமல் கண்ட இடத்தில் தண்ணீர் அடித்துவிட்டான் என்று மேலிடத்துக்குச் சொல்லி, அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஏழுமலையைப் பார்த்தேன். என் மேல் கோபமாக இருப்பான் என்று பயந்தபடிதான் பக்கத்தில் போனேன்.

"நீ சொன்னது நெஜந்தான் அண்ணே, நான் இல்லன்னு சொல்லல" என்றான். "ஆனா அவுரு பக்கத்துலயே நின்னுகினு இங்க அடி, அங்க அடின்னாரே, அத ஒருத்தரும் கேக்கலியே. எங்க வூட்டுல கேட்டா இன்னான்னு சொல்றது? பிளேன ஒடச்சிட்டேன்னா?"

நான் நேராக மேனேஜரிடம் போனேன். கழுவச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். "சுத்தம் பண்ணச் சொன்னேன் ராஜா, கெடுக்கச் சொல்லலியே" என்றார். அதிகாரிகளோ ஊருக்குப் போய்விட்டார்கள். என் பேச்சை மறுபடியும் கேட்க யாரும் இல்லை. கேப்டனுக்குப் போன் செய்து நடந்ததைக் கொட்டினேன்.

அவர் கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி பொள்ளாச்சியிலிருந்து வந்தார். நான் சொன்னதை மறுபடியும் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அதிகாரிகளைப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார். உங்களுக்குத் தீர்ப்பு நல்லபடியாக வந்துவிட்டது, மறுபடி போய் நின்றால் எதையாவது கிளறுவார்கள் மேடம் என்று கெஞ்சினேன்.

"அந்தச் சத்தத்தைக் கேட்டுப்போட்டுத்தானுங்க அண்ணா நான் ஓட்டுனேன்" என்றார். "சரி பண்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இருந்துச்சு. அந்த ஏழுமலைக்கு இருந்துச்சுங்களா?"

போய்ச் சொல்லியும் விட்டார். மேனேஜர் கிரீஸ் வைத்தாயிற்று என்றது, புதுச் செருப்புக் கதை, அதையெல்லாம் கேட்டும் தான் விமானத்தை நிறுத்தாதது, ஒன்றையும் மறைக்கவில்லை. சென்னை இன்ஜினியரும் தன் போன் பேச்சை ஒத்துக்கொண்டார். மேனேஜரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அவர், நான் முன்பே சொன்ன அந்தச் சிரிப்போடு, செருப்புக் கதையை ஒத்துக்கொண்டார். ஏழுமலையின் மேல் தவறில்லை என்று முடிவாகி, பாஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். தாமோதரனுக்கு இனிமேல் கவனமாக இருக்கும்படி புத்திமதி கிடைத்தது. சத்தம் கேட்டும் பறந்ததற்காகக் கேப்டனின் லைசென்ஸைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். நியாயம் என்பது எங்கள் ஊரில் இந்த வரிசையில்தான் பரிமாறப்படுகிறது. என் மகனுக்குச் சொல்லி வைத்திருந்த அப்ரென்டிஸ் பேச்சு அத்தோடு போனது. அவன் பிறகு தானாகப் பரீட்சை எழுதித்தான் உள்ளே நுழைந்தான்.

லைசென்ஸ் செய்தி வந்த அன்று, மேனேஜர் விமானக் கொட்டகையின் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். பம்பைப் பிடித்தவன் ஏழுமலைதான். நான் உள்ளே போனதும் மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல ராஜா, தப்பு பைலட் மேலதான்னு?"

"ஆமா சார். இத்தனை பேர்ல, தப்பு எம்மேலன்னு சொன்னவங்க அவங்க ஒருத்தங்கதான்."

ஏழுமலை பம்பை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். மேனேஜருக்கோ ரொம்பத் திருப்தி. கடைசியில் நான் அவர் வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.